கபோதாசனம் எங்கே சிக்குகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

முட்டி போட்டு நின்று, அப்படியே பின்னால் வளைந்து, தலைக்கு மேலாகக் கைகளைக் கொண்டுபோய்த் தன் குதிகாலையே பிடிக்கும் ஆசனம் கபோதாசனம். கபோதம் என்றால் புறா. நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் புறாவின் சாயல் இதில் உண்டு. மைசூர் வழியில், அதாவது பட்டாபி ஜோயிஸின் அஷ்டாங்க யோக வழியில், பயில்கிறவர்களுக்கு இது ஆசனங்களின் இரண்டாம் தொடரில், உஷ்ட்ராசனமும் லகு வஜ்ராசனமும் முடிந்த கையோடு வரும். முட்டி போட்டுப் பின்னால் வளைந்து, கையைப் பின்னால் இறக்கிக் குதிகாலைப் பிடிப்பது உஷ்ட்ராசனம். லகு வஜ்ராசனத்தைக் கீழே சொல்கிறேன். பலருக்கும் தொடர் அங்கேயே நின்றுவிடும். எனக்கு நாலு வருடம் நின்றது.

நான் மலேசியாவில், பினாங்கின் நிலப்பகுதியில் உள்ள பிறை என்ற ஊரில் இருக்கிறேன். வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில், மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலையில். 12 மணி நேர ஷிப்டில் பாதி, மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துக் குனிந்தபடியே போகும். அதற்குமேல் போக ஒரு தரம், வர ஒரு தரம், 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிள். இடுப்பு மடங்கியே இருக்கும், தோள் முன்னால் சுருண்டே இருக்கும். இந்த உடம்போடுதான் கபோதாசனத்துக்குப் போனேன். உங்கள் நாளும் இப்படித்தான் போகிறது என்றால், கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் உங்களுக்கும் பொருந்தும்.

எனக்கு இரண்டு ஆசிரியர்கள். வாரத்தில் மூன்று நாள், விடியுமுன் ஐந்தரைக்கு, ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் மைசூர் முறையில் சொல்லித்தரும் டீச்சர். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அக்கா என்பார். ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் மாஸ்டர். எழுபதை நெருங்குகிறவர், ஐயங்கார் வழியில் பயின்றவர். பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் இருவருமே மைசூரில் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்றவர்கள்தான். ஆனாலும் மைசூர் வழி ஆசனங்களை மூச்சுக் கணக்கில் கோத்துக்கொண்டு போகும். ஐயங்கார் வழியோ ஒரே ஆசனத்தை நாற்காலி, கட்டை, பட்டை என்று வைத்துப் பிரித்துப் பார்க்கும். சிக்கிக் கிடந்த எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. இருவரும் வேறு வேறு வார்த்தையில் சொன்னது ஒன்றுதான்: வலிக்கிற இடத்தைத் திட்டாதே, அசையாமல் இருக்கும் இடத்தைத் தேடு. அது செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்வதால்தான் இது வலிக்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. முதுகெலும்புக் கண்ணி முன்னால் நழுவியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், டிஸ்க் தொல்லை இப்போது இருப்பவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வர வேண்டாம். மற்றவர்களும் உஷ்ட்ராசனத்தில் பத்து மூச்சு நிம்மதியாக நிற்க வந்தபிறகே இதைத் தொடலாம். முதல் தடவை கட்டாயம் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதலில் தரையில் படுத்துப் பாருங்கள்

அறிகுறிகளுக்குப் போகுமுன் மூன்று சோதனை. பத்து நிமிடம் போதும்.

குப்புறப் படுத்து, ஒரு காலை மடக்கி, குதிகாலைக் கையால் புட்டத்தை நோக்கி இழுங்கள். குதிகால் வந்து சேருமுன்னே அந்தப் பக்க இடுப்பு தரையைவிட்டு எழும்பினால், தொடையின் முன்தசை இறுகியிருக்கிறது. முன்தொடைத் தசைகளில் ஒன்று முழங்காலையும் கடக்கும், இடுப்பையும் கடக்கும். கபோதாசனத்தில் முழங்கால் மடங்க, இடுப்பு விரிய, அந்தத் தசை ஒரே நேரத்தில் இரண்டு முனையிலும் இழுபடும். உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு அது இழுபட மறுக்கும்.

அடுத்து, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, கீழ்முதுகைத் தரையோடு ஒட்டிவையுங்கள். கைகளைக் காதோரமாகத் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். கை தரையைத் தொட முதுகு எழும்பித்தான் ஆகவேண்டும் என்றால், தோளிலும் அக்குளுக்குக் கீழே ஓடும் அகன்ற முதுகுத் தசையிலும் இறுக்கம்.

மூன்றாவது, ஒரு குளியல் துண்டைக் கெட்டியாகச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனைக்கு நேராகக் குறுக்கே வைத்து அதன்மேல் படுங்கள். தாடை கூரையை நோக்கித் தூக்கிக்கொண்டாலோ, மூச்சு தொண்டையிலேயே நின்றாலோ, மேல்முதுகு பூட்டிக் கிடக்கிறது.

எனக்குத் தோள் பரவாயில்லை. தொடை மோசம். மேல்முதுகு அதைவிட மோசம். உங்களுக்கு எது என்று குறித்துவைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அறிகுறி: கீழ்முதுகில் சுருக்கென்று குத்துகிறது

பலரும் முதலில் சொல்வது இதைத்தான். இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு விரல் அகலத்தில், யாரோ கிள்ளிப் பிடித்ததுபோல் இருக்கும்.

முதுகெலும்பில் கழுத்துக்கு 7 கண்ணி, மார்புக்கு 12, கீழ்முதுகுக்கு 5. மார்புப் பகுதியின் பன்னிரண்டும் விலா எலும்புகளோடு பூட்டப்பட்டவை. போதாததற்கு, பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் முட்கள் வீட்டுக்கூரையின் ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருப்பதால், பின்னால் வளைய அங்கே இடம் கொஞ்சம்தான். கீழ்முதுகின் ஐந்துக்கு அந்தத் தடை இல்லை. தொடை திறக்கவில்லை, மார்பு திறக்கவில்லை என்றால் முழு வளைவையும் அந்த ஐந்தே எடுத்துக்கொள்ளும், அதிலும் அடியில் இருக்கும் இரண்டே அதிகம் எடுத்துக்கொள்ளும். வலி அங்கே வருவதில் ஆச்சரியம் இல்லை.

என்ன செய்யலாம்? சுவரிலிருந்து தொடங்குங்கள். சுவரைப் பார்த்து முட்டி போட்டு, முழங்கால், தொடை, அடிவயிற்றின் எலும்பு மூன்றும் சுவரில் ஒட்ட நில்லுங்கள். நெஞ்சை முதலில் மேலே தூக்கி, அப்புறம் பின்னால் வளையுங்கள். தொடை சுவரைவிட்டு விலகும் கணம்தான் உங்கள் இன்றைய எல்லை. அதற்குமேல் வளைந்தால் அது கீழ்முதுகின் தலையில் விழும். ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள்.

தொடைக்கு சுப்த வீராசனம்: மடக்கிய கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து சாய்வது, முதுகுக்குக் கீழே தலையணை வைத்து. முழங்கால் தரையைவிட்டு எழும்பினால் தொடைகளின்மேல் ஐந்து கிலோ அரிசிப் பையைக் குறுக்காக வைக்கச் சொன்னார் மாஸ்டர். மணல் மூட்டை தேடி அலைய வேண்டாம். மூன்று நிமிடத்தில் தொடை தானாகக் கீழே இறங்குவது தெரியும்.

மார்புக்கு நாற்காலி. இரும்பில் மடக்கு நாற்காலி, சாயும் பலகை எடுத்தது. காலை உள்ளே விட்டு உட்கார்ந்து, பின்னால் சாயும்போது இருக்கையின் விளிம்பு தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் பட வேண்டும். இடுப்பில் பட்டால் பயனே இல்லை, அதே ஐந்து கண்ணிதான் மறுபடி வளையும். கல்யாண வீட்டில் போடும் பிளாஸ்டிக் நாற்காலியில் இதைச் செய்யவே கூடாது. கால் அகன்று சரிந்துவிடும்.

இனி கைலி. இரண்டாம் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குத்தல் போகவில்லை என்று நான் சொன்னதும், மாஸ்டர் தம் பையிலிருந்து ஒரு பழைய கைலியை எடுத்து நாலாக மடித்தார். என் இடுப்பின் பின்னால், வால் எலும்புக்கு மேலே இருக்கும் தட்டையான எலும்பில் அதைப் படியவைத்து, இரண்டு முனையையும் தம் கையில் சுற்றிக்கொண்டு, எனக்கு எதிரே ஒரு காலை முன்வைத்து நின்றார். "இப்ப போம்மா." நான் பின்னால் போகப் போக, அவர் தம் உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்தார். கைலி என் இடுப்பை முன்னேயும் மேலேயும் ஒருசேரத் தூக்கியது. துணி இழுபடும் சத்தம்கூடக் காதில் கேட்டது. குத்தல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பதிலாக இரண்டு தொடையின் நடுவிலும் தீப்பிடித்ததுபோல் ஓர் இழுப்பு.

"எங்கம்மா தெரியுது?"

"தொடையில, மாஸ்டர்."

"அதுதான் நாம தேடின இடம். அஞ்சு மூச்சு இரு."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நான் இரண்டு வருடமாகத் தவறான இடத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்று.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். புட்டத்தை இறுக்கு என்று ஓர் ஆசிரியர் சொல்வார், தளர்த்து என்று இன்னொருவர் சொல்வார். புட்டத் தசை வேலை செய்தால்தான் இடுப்பு முன்னே போகும். ஆனால் முழு பலத்தோடு இறுக்கினால் தொடைகள் வெளிப்பக்கம் திரும்பி, முழங்கால் அகன்று, பின்னிடுப்பு நெருக்கப்படும். தொடையின் உட்புறம் ஒன்றையொன்று நோக்கி இருக்க, புட்டத்தின் கீழ்ப்பாதி மட்டும் வேலை செய்ய வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு செய்துபாருங்கள், இரண்டு ஆசிரியர்களும் ஒன்றையே சொல்கிறார்கள் என்று தெரியும்.

குத்தல் புட்டம் வழியாகக் காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ இதில் எதையும் செய்யாதீர்கள். அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். அதோடு சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறிகுறி: பாதி வழியில் மூச்சு நின்றுவிடுகிறது, பயம் கவ்வுகிறது

இதை யாரும் வெளியே சொல்வதில்லை. சொல்ல வெட்கம். தலை கவிழ்ந்து, தொண்டை திறந்து, பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத நிலையில் உடம்பு பயப்படுவது இயற்கை. எனக்குக் கண்ணீர்கூட வந்திருக்கிறது. காரணமே தெரியாது, பாயில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவாயில்லக்கா, அழுதுட்டு அப்புறம் செய்யலாம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை.

பயத்தை விட்டுவிட்டு உடம்பின் கணக்கைப் பார்ப்போம். இந்த வளைவில் விலா எலும்புகள் ஏற்கெனவே விரிந்து நிற்கும். வயிற்றையும் இறுக்கிக்கொண்டால் உதரவிதானம் இறங்க இடம் இருக்காது. மூச்சு இழுக்கப் பார்ப்போம், உள்ளே போக வழி இருக்காது, மூளை ஆபத்து என்று மணி அடிக்கும். இதற்கு வழி இழுப்பது அல்ல, விடுவது. வெளிமூச்சை நீளமாக விடுங்கள். விட்டு முடித்தால் உள்மூச்சு கேட்காமலே வரும், சின்னதாக இருந்தாலும் போதும். மேல் நெஞ்சுக்கும் பக்க விலாவுக்கும் அனுப்புங்கள்.

துண்டுச் சுருளின்மேல் படுக்கும் மூன்றாவது சோதனையையே தினமும் பயிற்சியாக்குங்கள். கைகளை விலாவின் இருபக்கமும் வைத்துக்கொண்டு, மூச்சு கையை அகலமாகத் தள்ளுகிறதா என்று பாருங்கள். மாஸ்டர் என் கடைசி விலாவில் இரண்டு விரலை மட்டும் வைப்பார், அழுத்தமாட்டார். "இந்த விரலத் தள்ளு" என்பார். மூன்றாவது மூச்சில் தள்ளிவிடுவேன். தனியாக இருக்கும்போது அந்த இடம் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் எண்ணச் சொல்லுங்கள், சத்தமாக, மெதுவாக. இந்த ஆசனத்தில் குதிகாலைப் பிடித்து ஐந்து மூச்சு, கையை நீட்டித் தரையில் ஊன்றி இன்னும் ஐந்து மூச்சு. இன்னும் மூன்றுதான், இன்னும் இரண்டுதான் என்று காதில் விழும் குரல் பாதி பயத்தைத் தின்றுவிடும்.

அறிகுறி: கை பாதத்தை எட்டவே இல்லை

எங்கள் மண்டபத்துத் தரை ஒரு அடி டைல்ஸ். தலையும் முன்கையும் தரையில் இறங்கியபின், விரல் நுனியிலிருந்து கால்விரல் வரை எத்தனை டைல் என்று டீச்சர் கொடுத்த நோட்டில் எழுதிவருகிறேன். ஆரம்பத்தில் ஒன்றரை டைல். எட்டவில்லை என்று சொல்வதைவிட ஒன்றரை டைல் என்று சொல்வது மனதுக்கும் நல்லது, ஆசிரியருக்கும் வேலை சுலபம்.

கையை நீட்டி நீட்டி இந்தத் தூரம் குறையாது. இறங்கியதும் பெரும்பாலோர் செய்யும் தவறு, இடுப்பைக் குதிகால் மேல் உட்காரவிட்டுக் கையால் தவழ்வது. இடுப்பு உட்கார்ந்தால் நெஞ்சு தட்டையாகும், கை விலகித்தான் போகும். முன்கையைத் தரையில் அழுத்தி, தலையைக் கொஞ்சம் தூக்கி, இடுப்பை மறுபடி மேலே தள்ளுங்கள். அந்தச் சின்ன இடைவெளியில் கை ஓர் அங்குலம் உள்ளே நகரும். தலையை இறக்கி ஒரு மூச்சு. மறுபடி தூக்கல், நகர்த்தல். மூன்று தடவை போதும். தலையில் எடையை வைத்துக்கொண்டு மட்டும் நகர்த்தாதீர்கள், கழுத்து அதற்கானதல்ல.

பினாங்கின் ஈரக்காற்றில் விடியற்காலையிலேயே வியர்த்து, எட்டிய குதிகாலும் வழுக்கிவிடும். பாதத்தின்மேல் ஒரு பருத்தித் துண்டைப் போட்டுவைத்தால் பிடி நிற்கும். இன்னொன்று: இந்த வெப்பத்தில் தோலும் தசையும் சீக்கிரம் இளகுவதால் தயாராகிவிட்டோம் என்று தோன்றும். தயாரிப்பு ஆசனங்களைக் குறைக்காதீர்கள். குளிர்சாதனம் ஓடும் அறை என்றால் வரிசை வரும்வரை காத்திருக்கும் நேரத்திலேயே உடம்பு ஆறிவிடும், ஒரு உஷ்ட்ராசனத்தைத் திரும்பச் செய்துவிட்டுப் போங்கள்.

அறிகுறி: முழங்கை இரண்டு பக்கமும் விரிகிறது

இரண்டாவது சோதனையில் தோற்றவர்களுக்கு இது நிச்சயம் வரும். பட்டையைத் தோள் அகலத்துக்கு வளையமாக்கி முழங்கைக்குச் சற்று மேலே மாட்டுங்கள். பட்டை இறுகுகிறது என்றால் முழங்கை இன்னும் விரியப் பார்க்கிறது என்று பொருள். பட்டையோடு சண்டை போடாமல், மேல்கையின் வெளிப்புறத்தை முகத்தை நோக்கித் திருப்புங்கள். சுவர் முன்னே முட்டி போட்டு, முன்கைகளைச் சுவரில் ஊன்றி, நெஞ்சைச் சுவரை நோக்கி இறக்குவதும் நல்ல பயிற்சி. ஆனால் விலா முன்னால் துருத்தக்கூடாது.

முழங்கால் வலி, தலைசுற்றல், குமட்டல்

முழங்கால் தொப்பி எலும்பு தரையில் அழுந்தி வலித்தால், தோத்தோவை (மெல்லிய மெத்தையை) மடித்துப் போடுங்கள், தீர்ந்தது. மூட்டுக்கு உள்ளே கூர்மையாக வலித்தால் அப்போதே வெளியே வந்துவிடுங்கள். பாதங்கள் வெளிப்பக்கம் விலகியிருக்கிறதா என்று ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகால் முழங்காலுக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும்.

குமட்டலுக்கு முதல் கேள்வி, எப்போது சாப்பிட்டீர்கள் என்பது. முந்தின இரவு பத்து மணிக்கு நாசி கண்டார் (கறிக் குழம்புகள் ஊற்றிய சோறு) சாப்பிட்டால் காலை ஐந்தரைக்குக் கபோதாசனம் வேண்டாம். தலைசுற்றலுக்கு முக்கியக் காரணம் விருட்டென்று எழுவது. எழுந்ததும் குதிகால்மேல் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து, ஒரு புள்ளியைப் பார்த்து ஐந்து மூச்சு விடுங்கள். ஒவ்வொரு முறையும் சுற்றுகிறது என்றால் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

அறிகுறி: இறங்க முடிகிறது, எழ முடியவில்லை

எழுவது தொடையின் வேலை. லகு வஜ்ராசனம் இதற்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முழங்காலைக் கையால் பிடித்தபடி தலையைத் தரைக்குக் கொண்டுபோய், ஐந்து மூச்சு இருந்து, தொடை பலத்தால் திரும்பி வருவது. அதில் பாதி தூரம் போய்த் திரும்பினாலும் போதும். தலைக்குக் கீழே மூன்று கட்டையை அடுக்கி, வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள்.

எழும்போது கணுக்காலையும் முன்காலையும் தரையில் அழுத்துங்கள். இடுப்பு முதலில், நெஞ்சு அடுத்து, தலை கடைசியில். தலையை முதலில் தூக்கினால் வளைவு உடைந்து எடை முழுவதும் முதுகில் விழும். ஆசிரியர் உதவி செய்தால், கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள், பின்னிடுப்பில் கை கொடுக்கச் சொல்லுங்கள். தைப்பூசத்தில் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியும் ஏறி இறங்கியவர்கள் நாலைந்து நாளாவது இந்தப் பகுதியைத் தொட வேண்டாம். தொடை ஒத்துழைக்காது.

அறிகுறி: டீச்சர் தொட்டால் போகிறது, தனியாகச் செய்தால் போகவில்லை

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உதவிக்கு வரும் கை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, எடையைத் தாங்குகிறது. டீச்சர் என் முன்னால் நின்று பின்னிடுப்பைப் பிடிக்கும்போது, தொடை சுமக்க வேண்டிய பாரத்தில் பெரும்பகுதி அவர் கைக்குப் போய்விடும். இன்னொன்று, திசை காட்டுகிறது. முன்கை தரையில் பட்டபின் தலைப்பக்கம் வந்து முழங்கையைப் பிடித்து உள்ளே கொண்டுவரும்போது, போகலாம், பயப்படாதே என்று உடம்புக்குச் சொல்கிறது. தனியாகச் செய்யும்போது இரண்டில் எது இல்லாமல் தவிக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. ஆசிரியரிடம், "இன்று பிடிக்க வேண்டாம், தொட்டு மட்டும் இருங்கள்" என்று கேளுங்கள். விரல் நுனி பட்டாலே போக முடிந்தால், உங்களிடம் பலம் இருக்கிறது, இல்லாதது தைரியம். வீட்டில் பின்னால் ஒரு மெத்தையைப் போட்டுச் செய்தால் அது வரும். விரல் பட்டும் போக முடியாவிட்டால் பலம் போதவில்லை. சுவர், லகு வஜ்ராசனம் இரண்டையும் கூட்டுங்கள். நான் முதல் வகை. டீச்சர் ஒரு மாதம் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். கடைசி வாரத்தில் அவர் உள்ளங்கையின் சூடு மட்டும்தான் என் முதுகில் இருந்தது, கை படவில்லை. அதற்கே உடம்பு இறங்கியது.

உதவி கேடாகவும் முடியும். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஸ்டூடியோவில், என்னை முதல் முறை பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் என் இரு கையையும் பிடித்து இழுத்துக் குதிகாலில் வைத்தார். நான் தயாராக இல்லை, மூச்சு உள்ளே இருந்தது. அன்று மாலையே விலாவின் இடதுபக்கம் பிடித்துக்கொண்டது. தும்மினால் வலி, திரும்பிப் படுத்தால் வலி, ஆறு வாரம். அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. தொடுமுன் கேட்க வேண்டும். வெளிமூச்சில் மட்டும் நகர்த்த வேண்டும். தலைகீழாக இருக்கும்போது பேச வராது என்பதால், தரையை இருமுறை தட்டினால் உடனே நிறுத்த வேண்டும். இதை முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல ஆசிரியர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. மாஸ்டர் மற்ற மாணவர்களுக்கும் அதையே விதியாக்கிவிட்டார்.

வார்த்தையும் முக்கியம். "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் ஆசிரியரால் எதுவும் செய்ய முடியாது. குத்துகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா, அமுக்குகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். குத்தலும் அமுக்கலும் மூட்டின் பேச்சு, நிறுத்த வேண்டும். இழுப்பும் எரிச்சலும் பெரும்பாலும் தசையின் பேச்சு, மூச்சு ஓடினால் தொடரலாம்.

அறிகுறி: மறுநாள் வலி

தொடையின் முன்புறம், விலா இடுக்கு, தோளின் உட்புறம் வலித்தால் வேலை சரியான இடத்தில் நடந்திருக்கிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். கீழ்முதுகு மட்டும் வலித்து மற்ற எங்கும் வலியே இல்லை என்றால், மறுபடி முதல் அறிகுறிக்குப் போய்ச் சுவரிலிருந்து தொடங்குங்கள்.

ஆசனம் முடிந்ததும் வெடுக்கென்று முன்னால் குனியாதீர்கள். மல்லாந்து படுத்து, பாதத்தை அகல ஊன்றி, முழங்கால்களை ஒன்றோடொன்று சாய்த்து இரண்டு நிமிடம் இருங்கள். அதன்பின் மெதுவான திருகல், அப்புறம் பாலாசனம், அதாவது குதிகால்மேல் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைத்துக் குனிந்திருப்பது.

அறிகுறி: ஒருநாள் வந்தது, அடுத்த நாள் காணவில்லை

நாலாம் வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என் விரல் குதிகாலைத் தொட்டது. யாரும் பிடிக்கவில்லை. சொரசொரப்பான குதிகால் தோல், அதன் ஓரத்தில் பிளவு, அது என் காலேதான் என்று தெரிய ஒரு நொடி ஆனது. திங்கட்கிழமை அரை டைல் தூரம். ஞாயிறு இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல், நேராக வகுப்புக்கு வந்திருந்தேன்.

அதற்குக் காரணம் தேடி உடம்பைப் படுத்த வேண்டாம். முந்தின நாள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், மாதவிடாய் நாளா, இந்த மூன்றையும் தூரத்துக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். இரண்டு மாதத்தில் ஓர் ஒழுங்கு தெரியும். என் நோட்டில் இரவு ஷிப்டுக்கு மறுநாள் எப்போதும் அரை டைல் கூடுகிறது. அதனால் அந்த நாள்களில் டீச்சர் என்னைக் கபோதாசனத்துக்குக் கூப்பிடுவதில்லை. நாற்காலியில் மூன்று நிமிடம், துண்டுச் சுருளில் ஐந்து நிமிடம், அதோடு பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.